அடுப்பு பெருகிருச்சு

காராச்சேவுக் கடை ஆவுடையப்பன் அன்று காலை மடத்துப் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து, முற்றத்தில் வேப்பந்தழை தின்றுகொண்டிருந்த ஆடுகூட ஒதுங்கி நின்றது. மனுஷனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. கடை போன நாளில் போட்டிருந்த அதே சட்டை, கரிப்புகையோடு அப்படியே உடம்பில் இருந்தது.

"அம்மா, எனக்கு நியாயம் வேணும்," என்றார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

உலகம்மை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆலங்கோட்டைக்கு வெளியே, கரட்டடியில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் எல்லாம். ஆவுடையப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயசு இளையவர். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு. கடைக்கு ஒரு தராசு வாங்குவதென்றால்கூட அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கமாட்டார். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படிதான் வாங்குவார், அது வேறு விஷயம்.

"உக்காருங்க அண்ணாச்சி. மோர் குடிக்கிறீங்களா?"

"மோர் குடிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? என் வயிறு எரி..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "என் வயிறு காந்துதும்மா."

இந்த இடத்தில் ஆவுடையப்பனின் கடைப் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நடந்த கூத்து புரியாது.

நம் பக்கம் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிர வை என்போம். அரிசி காலியானால் பெருகிருச்சு என்று சொல்கிற வீடுகள் உண்டு. வளையல் உடைந்தாலும் பெருகிருச்சுதான். வாயில் நல்ல வார்த்தை வரட்டுமே என்கிற ஆசை, அவ்வளவுதான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆவுடையப்பன் இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். அவர் கடைக்குள் இல்லை என்ற சொல் கூடாது. சாத்து கூடாது. போச்சு கூடாது. எண்ணெய் காலியானால் எண்ணெய் பெருகிருச்சு. மாவு காலியானால் மாவு பெருகிருச்சு. கேஸ் காலியானால் அடுப்பு பெருகிருச்சு. வெளியூர்க்காரர் யாராவது வந்து ஓமப்பொடி இருக்கா என்று கேட்பார். பெருகிருச்சு என்று பதில் வரும். பாவம், அந்த மனுஷர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தீ என்ற எழுத்துக்கு அங்கே இருந்த தடையை என்னவென்று சொல்ல. எப்போதோ ஒருவர், உங்க சேவு தீயாய் விக்குதே அண்ணாச்சி என்று பாராட்டப் போய், அந்த வாரம் வியாபாரம் படுத்துவிட்டதாம். அன்றோடு அந்த எழுத்துக்குக் கடைக்குள் நுழைய அனுமதி போயிற்று. நெருப்பும் கூடாது, எரியுதும் கூடாது. தீபாவளியைக்கூடப் பண்டிகை என்றுதான் சொல்ல வேண்டும். வருஷம் பூராவும் தீபாவளியை நம்பிப் பிழைக்கிற கடையில் இந்த அநியாயம்.

சேவு பிழிகிற மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சுடலைமணி. சுடலை என்றால் சுடுகாடு நினைப்பு வருமாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவன் வெறும் மணியாகிவிட்டான். குலசாமி பெயரை இப்படி வெட்டிவிட்டாரே என்று அவனுக்கு மனசுக்குள் ஆத்திரம்தான். ஆனால் என்ன செய்வான், வயிற்றுப்பாடு.

இந்த மணியைப் பற்றித்தான் ஆவுடையப்பன் நியாயம் கேட்க வந்திருந்தார். தோளில் கிடந்த பட்டுக்கரைத் துண்டை உருவி விறகுக் கட்டின்மேல் வீசினார். உட்காரவில்லை.

"சோறு போட்ட கடையை அழிச்சுட்டான்மா. பத்து வருஷமா என்கிட்ட இருந்தவன். அவனை நான் சும்மா விடப்போறதில்ல. சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருக்கார். யார் மேல தப்புன்னு கடைக்காரர் சொல்ற வார்த்தைதான் முதல் வார்த்தையாம். மணி மேலதான்னு சொல்லப் போறேன். கவனமில்லாம வேலை பாத்தான், ஆபத்தை என்கிட்ட சொல்லாம மறைச்சான்னு சொல்லப் போறேன். உள்ளே தள்ளட்டும். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, போயிட்டு வர்றேன்."

"மணி இப்ப எங்க?"

"பெரியாஸ்பத்திரியில. ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டு வச்சிருக்காங்க. வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறாராம்."

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமா. இனிமே சேவு பிழிய முடியுமான்னு டாக்டருக்கே சந்தேகமாம். பொண்டாட்டி வந்து என் வீட்டு வாசல்ல அழுறா. நான் கதவைத் திறக்கல."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"என்ன நடந்துச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

"சொல்றேன். பண்டிகை ஆர்டருக்கு ஒரு மொத்த வியாபாரி வந்திருந்தார். புது ஆள். முதல் பேச்சு. வெத்தலை பாக்கு மாத்தப் போறோம். அந்த நேரம் பாத்து உள்ளே அது வந்துருச்சும்மா."

"எது?"

"அதுதாம்மா. சட்டியில எண்ணெய் பொங்கி வழிஞ்சு அது வந்துருச்சு."

"பாம்பா?"

"என்னம்மா நீங்க. அதும்மா. அக்கினி பகவான்."

"ஓ. தீயா?"

ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்ல காரியம் தொடங்குற நேரத்துல அந்த வார்த்தை வேண்டாம்மா. புதுக் கடைக்கு இப்பதான் தகரக் கொட்டகை போட ஆள் சொல்லியிருக்கேன்."

"சரி. அது வந்துச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்தப் பாவி என்கிட்ட சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா நான் ஓடிப் போயிருக்க மாட்டேனா? தெருவையே கூட்டியிருக்க மாட்டேனா? முன்னாடி நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னாடி என் கடை போய்க்கிட்டு இருக்கு. இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல?"

"அவன் உங்களைத் தேடி வரவே இல்லையா?"

"வந்தான்."

"வந்து?"

"வந்து நின்னான். மொதலாளின்னான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நல்ல காரியம் பேசும்போது ஆள் வந்து வழிமறிச்சா எனக்குப் பிடிக்காதுன்னு அவனுக்குத் தெரியும். மறுபடியும் மொதலாளின்னான். என்னலேன்னு முறைச்சேன். அடுப்பு பெருகிருச்சு மொதலாளின்னான்."

அம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"அடுப்பு பெருகிருச்சுன்னா என்னம்மா அர்த்தம்? கேஸ் காலின்னு அர்த்தம். எங்க கடையில கைப்பிள்ளைக்கும் தெரியும். பெருகிருச்சுன்னா வேற சிலிண்டரை எடுத்து மாட்டு, இதைக்கூடவா வந்து கேப்பன்னு ஏசினேன். வியாபாரி முன்னாடி மானம் போகுதில்ல?"

"வியாபாரி ஒண்ணும் கேக்கலையா?"

"அவருக்கு எங்க கடைப் பேச்சு என்ன புரியும். பாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தார். மணி உள்ளே போனான். அவ்வளவுதான். பாக்கெட் போடுற பொம்பளைங்க கூச்சல் போட்டுக்கிட்டு வெளியே ஓடி வந்த பிறகுதான் எனக்கே தெரியும்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. மணி பிடிச்சு வெளியே தள்ளி விட்டிருக்கான். முன்வாசல் வழியா."

"பின்வாசல் இருக்குமே?"

"அது கன்னி மூலைம்மா. திறந்தா ஆகாதுன்னு வாஸ்துக்காரர் சொன்னதால பூட்டி, கடலை மாவு மூட்டையை அடுக்கி வச்சிருக்கேன்."

அம்மா எழுந்தார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். அதைக் கொண்டுவந்து அடுப்புக்கும் விறகுக் கட்டுக்கும் நடுவில் வைத்தார். ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. நான் உயிர் போகிற விஷயம் பேசுகிறேன், இந்த அம்மா கீரை கழுவத் தண்ணீர் எடுக்கிறாரே என்று தோன்றியது.

"கேக்கிறீங்களாம்மா?"

"கேக்கிறேன். தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு உங்க கடையில பாத்த ஞாபகம். சிவப்பா இருக்குமே."

அதை ஏன் கேட்கிறீர்கள். லைசென்ஸ் வேண்டும் என்பதற்காக ஆவுடையப்பன் வாங்கிய சாமான் அது. அதன் வயிற்றில் தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் அந்த வார்த்தை எழுதியிருந்தது. கடைக்கு வந்த அன்றே அதற்கு ஒரு பட்டுத் துணியைச் சுற்றி மூடிவிட்டார். துணிக்கு மேல் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாலை. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அதை ஏதோ சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பாக்கெட் போட உட்கார்ந்தார்கள்.

"அதையாவது ஒழுங்கா எடுத்தானா?" ஆவுடையப்பனுக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது. "பிடியில பூஜைக்குக் கட்டின மஞ்சக் கயிறு இருந்திருக்கு. அதை அவுக்கத் தெரியல. இழுத்து இழுத்துப் பாத்துட்டுக் கீழே போட்டுட்டான். ஒரு கயிறை அவுக்கத் தெரியாதவன் என்ன மாஸ்டர்?"

"அதை எப்படிப் பிடிக்கணும்னு அவனுக்கு யாராவது பழக்கிக் கொடுத்தீங்களா?"

"பழக்குறதா? போன மாசம் தீய... அந்த ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஆள் வந்தார். பஜார்ல ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினார். திடீர்னு அப்படி ஆனா யார் கேஸை மூடணும், யார் ஆளுங்களை வெளியே கூட்டிட்டுப் போகணும், எந்த வழியாப் போகணும், எல்லாரும் எங்க வந்து நிக்கணும், பேசி வச்சிருக்கீங்களான்னு கேட்டார். வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சாமி விளக்கு முன்னாடி நின்னு இப்படிக் கேக்கலாமா? வெளிய போய்யான்னு சொல்லிட்டேன். அவர் நின்ன இடத்துல மஞ்சத் தண்ணி தெளிச்சேன்."

"ஏன்?"

"பேசினா வந்துரும்மா."

"பேசாம இருந்தீங்களே, வரலையா?"

ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்காத மாதிரி திரும்பிக்கொண்டார். முற்றத்து விளிம்புக்குப் போய், ஊர் இருக்கும் பக்கம் கையை நீட்டினார். அங்கிருந்து பார்த்தால் பஜார் தெரியும். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவில் அவர் கடை இருந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"அங்க பாருங்கம்மா. என் உழைப்பு பூராவும் அங்க கிடக்கு. பெரிய மில்லுக்காரனுக்கு வந்தா அவன் இன்னொரு மில்லைத் திறப்பான். எனக்கு இருந்தது அந்த ஒரு கடை. இந்தத் தெருவுல என்னை மாதிரி எத்தனை பேர் ஒத்தைக் கடையை வச்சுப் பிழைக்கிறான். எங்களுக்கெல்லாம் ஒரு தடவை போனா போனதுதான். இது தெரிஞ்சவன், விசுவாசம் இருக்கிறவன், வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டானா? ஒரு வார்த்தைம்மா. ஒரே ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு என்ன கேடு?"

அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவினார். விறகுக் கட்டின்மேல் கிடந்த பட்டுக்கரைத் துண்டின் ஓரத்தில் அதை வைத்தார். துண்டு பற்றிக்கொள்ளும்வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கொள்ளியைத் திரும்ப அடுப்பில் செருகினார்.

"அண்ணாச்சி," என்றார். "உங்க துண்டு பெருகிருச்சு."

"பெருகட்டும்மா. அது பழசு. வீட்ல வேற கிடக்கு," என்றார் ஆவுடையப்பன், திரும்பாமலே. "நான் என்ன சொல்ல வர்றேன்னா, நன்றின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அவன் கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தினது நான். அவன் மகளுக்குக் காது குத்தினப்போ..."

"அண்ணாச்சி, துண்டு ரொம்பப் பெருகிருச்சு."

"அட, துண்டை விடுங்கம்மா. மனுஷன் இங்க குமுறிக்கிட்டு இருக்கேன், நீங்க துண்டு துண்டுன்னுக்கிட்டு. காது குத்தினப்போ தாய்மாமன் இல்லைன்னு அவன் அழுதான். நான்தான் மடியில வச்சு..."

மூக்கில் ஏதோ ஏறியது. ஆவுடையப்பன் பேச்சை நிறுத்தினார். மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

துண்டு பாதி போயிருந்தது. அடியில் இருந்த சுள்ளிகள் படபடவென்று பிடித்துக்கொண்டிருந்தன.

"தீ," என்று அலறினார். "அம்மா, தீ. தீப்பிடிச்சிருச்சு. தள்ளி வாங்க, சேலை, சேலை. தண்ணி, தண்ணி எங்க, அய்யோ தீ."

அம்மா வாளியைத் தூக்கிக் கவிழ்த்தார். புஸ்ஸென்று புகை எழுந்து அடங்கியது. ஆடு மட்டும் முற்றத்தைத் தாண்டி ஓடியே போய்விட்டது.

ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. கரிந்த துண்டைப் பார்த்தார். கவிழ்ந்த வாளியைப் பார்த்தார். அடுப்பில் செருகியிருந்த கொள்ளியைப் பார்த்தார். அவருக்கு மெல்ல விஷயம் விளங்கியது.

"நீங்கதான் வச்சீங்களா?"

"நான்தான் வச்சேன்."

"என் துண்டுல."

"உங்க துண்டுலதான்."

"எம்மா, உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இது நீங்க இருக்கிற இடம். பக்கத்துல கூரை இருக்கு. நான் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், பின்னாடி பத்தி எரியுது. என்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"ரெண்டு தடவை சொன்னேனே."

"அதுக்குப் பேர் சொல்றதா?"

கேட்டுவிட்டு ஆவுடையப்பன் நின்றார். கேட்ட வார்த்தையை யாரோ தன் காதருகே திரும்பச் சொன்னது போல இருந்தது அவருக்கு. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனார். ராட்டினம் கிறீச்சிட்டது. நிறைந்த வாளியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்.

ஆனால் ஆவுடையப்பன் லேசில் விழுகிற ஆளா. நெஞ்சில் பட்டது தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது.

"நீங்க குரு. நீங்க விளையாடலாம். அவன் விளையாடக் கூடாது. அவன் கத்தியிருக்கலாமே? தொண்டை இருக்கில்ல? கடைச் சட்டம் என்ன, சாமி சட்டமா? ஆபத்துன்னா மீறணும்னு அவனுக்குத் தெரியாதா? மீறினா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"காந்திமதி நல்லாருக்காளா?"

"யாரு?"

"உங்க கடையில மாவு பிசைஞ்ச பிள்ளை. ஆடி மாசம் இங்க வந்து அழுதா. கேஸ் டியூப்ல தீஞ்ச வாடை அடிக்குது மொதலாளின்னு சொன்னாளாம். அதுக்கு நீங்க அவளை எல்லார் முன்னாடியும் வாயைக் கழுவிட்டு வரச் சொன்னீங்களாம்."

ஆவுடையப்பன் கீழே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைம்மா அன்னிக்கு."

"வாயைக் கழுவினாளா?"

"கழுவினா. மறுநாள் வேலைக்கு வரல."

"அவ வாயைக் கழுவும்போது மணி எங்க இருந்தான்?"

மணி எங்கே இருப்பான், சட்டிக்கு முன்னால்தான் இருந்தான். அந்தப் பெண் குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்ததை அவனும் பார்த்தான், பாக்கெட் போடுகிற பெண்களும் பார்த்தார்கள். அன்று யாரும் யாரோடும் பேசாமல் வேலை செய்தது ஆவுடையப்பனுக்கு இப்போது நினைவு வந்தது. அன்றைக்கு அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

"எனக்குக் கோபம் வருது அண்ணாச்சி," என்றார் உலகம்மை. குரல் உயரவில்லை. ஆனால் கீரையை மறுபடி எடுத்து, காம்பை நறுக்கென்று ஒடித்தார். "டியூப்ல வாடை அடிக்குதுன்னு ஒரு பிள்ளை வந்து சொல்லுது. நீங்க டியூப்பை மாத்தல. அவ வாயைக் கழுவச் சொன்னீங்க. அது என்ன நியாயம்?"

மடத்துக்கு வர ஆரம்பித்த இத்தனை காலத்தில் அம்மா கோபம் என்று சொல்லி ஆவுடையப்பன் கேட்டதில்லை. இப்போதுதான் உட்கார்ந்தார். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கை எப்படி வெந்துச்சு?" என்று கேட்டார் அம்மா.

"யாருக்கு?"

"மணிக்கு."

"சிலிண்டரை மூடப் போயிருக்கான்."

"பிள்ளைங்களை வெளியே தள்ளினப்போ அவனும் வெளியே வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம். திரும்ப உள்ளே போனான். ரெகுலேட்டர் சூடேறிப் போய் இருந்திருக்கு. வெறுங்கையாலயே திருகி மூடியிருக்கான். பக்கத்துலயே ரெண்டு சிலிண்டர் நிறைஞ்சு நின்னுச்சு."

"மூடலைன்னா?"

"மூடலைன்னா பஜாரே..." ஆவுடையப்பன் தயங்கினார். பழக்கம் விடுமா. "பஜாரே பெருகியிருக்கும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சிருக்கும்," என்றார் ஆவுடையப்பன், மெதுவாக. "பஜாரே எரிஞ்சு போயிருக்கும்."

கரிந்த துண்டின் வாடை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஆவுடையப்பன் யாரிடமோ பேசுவது போலத் தரையைப் பார்த்துப் பேசினார்.

"அவன் உடனே போகலம்மா. வேற சிலிண்டர் மாட்டுன்னு சொன்ன பிறகும் நின்னான். வாயைத் திறந்து திறந்து மூடினான். கண்ணு ரெண்டும் பெருசா இருந்துச்சு. திமிருன்னு நினைச்சேன். வியாபாரி முன்னாடி என்னை அவமானப்படுத்த நிக்கிறான்னு நினைச்சேன். நிக்காத, போலேன்னு கத்தினேன். அப்புறம்தான் போனான்."

அம்மா ஒரு சொம்பில் மோரை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். இந்தத் தடவை குடித்தார். குடித்து முடித்ததும் கடைக்காரப் புத்தி திரும்பியது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரிம்மா. தப்பு நடந்துருச்சு. இனி நடக்காது. அந்தத் தீயணைப்பு ஆளை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். எல்லாருக்கும் பழக்கிக் கொடுக்கட்டும். யார் கேஸை மூடணும், யார் ஆளைக் கூட்டணும், எல்லாம் பேசிருவோம். பின்வாசலைத் திறந்து வைக்கிறேன், வாஸ்துக்காரர் என்ன வேணா சொல்லட்டும். சிவப்புச் சிலிண்டருக்குத் துணி கிடையாது, கயிறு கிடையாது. தீன்னு கொட்டை எழுத்துல செவுத்துலயே எழுதி வைக்கிறேன். போதுமா?"

"கடைக்குப் போதும்."

"வேற என்னம்மா?"

"மணிக்கு?"

"அவன் ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு. வீட்டுக்கும் வேண்டியதைப் பாத்துக்கிறேன். பொண்டாட்டிகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"சாயந்திரம் ஸ்டேஷனுக்குப் போகணும்னீங்களே. அங்க என்ன சொல்வீங்க?"

ஆவுடையப்பன் முகம் மாறியது. மோர்ச் சொம்பைக் கையில் வைத்து உருட்டினார்.

"அதைத்தான் யோசிக்கிறேன். மணி பேரைச் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடறேன். நான் முன்னாடி இருந்தேன், பின்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாது. அவ்வளவுதான். யாருக்கும் பாதகமில்லை."

"அப்படிச் சொன்னா மணியை விட்டுருவாங்களா?"

விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். சட்டிக்கு முன்னால் நின்றவன் மணி. மொதலாளிக்குத் தெரியாது என்றால், மொதலாளியிடம் சொல்லாதவன் மணி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற போலீஸ்காரர் அங்கேயேதான் நிற்பார்.

"வேற என்னதான் சொல்ல?" ஆவுடையப்பன் குரலில் பழைய கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "நீங்களே சொல்லுங்க. அங்க போய் நான் என்ன சொல்லணும்?"

"மணி வந்து உங்ககிட்ட சொன்னான்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா எல்லாம் என் தலையிலல்லம்மா வந்து விழும்?"

அம்மா கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விழட்டும் அண்ணாச்சி," என்றார். "இப்ப அது அவன் கையில விழுந்து கிடக்கு."